நிக்லவுஸ் மையன்பெர்க் பற்றி வாசகர் வட்டத்தில் பேச வேண்டும்: எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைச் சரிபார்க்க வேண்டும்?

செம்பவாங் மலர்விழி

வணக்கம். அடுத்த மாத வாசகர் வட்டக் கூட்டத்தில் சுவிஸ் புலனாய்வுச் செய்தியாளர் நிக்லவுஸ் மையன்பெர்க் (1940–1993) பற்றி 25 நிமிடம் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் அவரைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை, ஆங்கிலத்தில் கிடைப்பதும் கொஞ்சம்தான். ஒரு பக்கம் அவரை உண்மையின் போராளி என்கிறார்கள், மறுபக்கம் வரலாற்றை வளைத்த கோபக்காரர் என்கிறார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு முடிவைக் கேட்பவர்களிடம் விட்டுவிடும் உரையாக இது ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. தேசத்துரோகத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட எர்ன்ஸ்ட் எஸ். என்பவரின் விவகாரத்தில் மையன்பெர்க் நிறுவியது என்ன, நிறுவாமல் விட்டது என்ன? பெரிய பத்திரிகை அவருக்குக் கதவடைத்தது ஏன்? ஜெனரல் வில்லெயின் கடிதங்களை அவர் எப்படிப் பெற்றார்? எனக்கு ஜெர்மன் தெரியாது, பிரெஞ்சு ஓரளவு வரும். அந்த நிலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

இன்னொன்று. எங்கள் வட்டத்தில் சிலர் ஜப்பானியர் காலத்தில் சயாம் (தாய்லாந்து–பர்மா) ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பற்றி எழுதும் முயற்சியில் இருக்கிறார்கள். மையன்பெர்க்கின் முறையை அதற்குக் கையாளலாமா, சிங்கப்பூர்ச் சட்டத்தில் எங்கே கவனம் தேவை என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

தேக்கா ஆவணக்காரன்

மலர்விழி அக்கா, நல்ல ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வாழ்க்கைக் குறிப்பை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். செயின்ட் காலன் நகரில் பிறந்தவர், டிசென்டிஸ் மடாலயப் பள்ளியில் படித்தவர், பிறகு வரலாற்று மாணவர். 1966 முதல் 1971 வரை ‘வெல்ட்வோகெ’ வார இதழின் பாரிஸ் நிருபர், அதனால் 1968 மே மாதத்தைத் தெருவிலிருந்தே பார்த்தவர். அதற்குப் பிறகு ‘டாகெஸ் அன்ஸைகர்’ நாளிதழின் வார இணைப்பில் நீண்ட கள அறிக்கைகள் எழுதினார். 1974-இல் வந்த முதல் தொகுப்பு அவரை நாடறியச் செய்தது. மடாலயப் பள்ளி லத்தீன், பாரிஸ் பிரெஞ்சு, செயின்ட் காலன் தெருப்பேச்சு மூன்றும் அவருடைய ஜெர்மனில் கலந்து ஓடும். அவரை மொழிபெயர்ப்பது கடினம் என்பதற்கு அது ஒரு காரணம்.

எர்ன்ஸ்ட் எஸ். விவகாரத்துக்கு 10 நிமிடமாவது கொடுங்கள். அவருடைய பலமும் பலவீனமும் அதில்தான் முழுசாகத் தெரிகின்றன.

நடந்தது இது. எர்ன்ஸ்ட் ஷ்ரேம்லி, 1919-இல் பிறந்தவர், செயின்ட் காலனின் ஏழைக் குடும்பம், நிலையான வேலை கிடையாது, பாடகராக வேண்டும் என்ற ஆசை. போர்க்காலத்தில் படைச்சேவையில் இருந்தபோது சில குண்டுகளையும் படைநிலைகளின் கைவரைபடங்களையும் ஜெர்மன் துணைத் தூதரகத்தைச் சேர்ந்தவரிடம் கொடுத்தார். ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கருணை மனுவை நாடாளுமன்றம் தள்ளியது. 1942 நவம்பர் 10 அன்று யோன்ஷ்வில் அருகே காட்டில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டாம் உலகப் போரில் தேசத்துரோகத்துக்காகச் சுவிட்சர்லாந்து சுட்ட 17 பேரில் அவர் முதல் ஆள்.

மையன்பெர்க் அவரை நிரபராதி என்று சொல்லவே இல்லை. இதை உரையின் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுங்கள், பாதிச் சண்டை இந்தத் தவறான புரிதலில்தான் நடக்கிறது. அவர் கேட்டது வேறு: சில குண்டுகளைக் கொடுத்தவனுக்குத் துப்பாக்கி என்றால், அதே ஜெர்மனிக்குப் பீரங்கிகளை ஏற்றுமதி செய்த ஓர்லிகோன் ஆலை முதலாளி ஏமில் பூர்லெ போர் முடிந்தபோது நாட்டின் மிகப் பெரிய பணக்காரராக நின்றது எப்படி? ஜெர்மன் சார்பு காட்டிய உயர் அதிகாரிகள் ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனது எப்படி? 1940 நவம்பரில் 173 பிரமுகர்கள் கையெழுத்திட்டு, ஜெர்மனியை விமர்சிக்கும் பத்திரிகைகளை அடக்கச் சொல்லி அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர் வெளியே வந்ததே 1946-இல்தான்.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். மேலிடத்து ஆவணத்தில் தொடங்கி ஆளைத் தேடிப் போகிறவர் அல்ல அவர். ஆளின் தெருவில் தொடங்குகிறார். உடன்பிறந்தவர்கள், வேலை கொடுத்தவர்கள், கூடப் படைச்சேவை செய்தவர்கள், தண்டனையின்போது அங்கே நின்றவர்கள் என்று வரிசையாகப் போய், வீட்டு வாடகை, கூலி, சாப்பாடு வரை கேட்கிறார். அதன் பிறகே அதிகாரிகளிடம் போகிறார். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அதிகாரியிடம் முதலில் போனால் அவர் சொல்லும் சுருக்கமே உங்கள் கதையின் எலும்புக்கூடாகிவிடும். பிறகு குடும்பம் சொல்வதெல்லாம் அதைச் சுற்றிய சதையாகத்தான் நிற்கும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. 30 வருடம் கழித்துக் கேட்கும் சாட்சி, நடந்ததையும் பிறகு ஊரில் கேள்விப்பட்டதையும் கலந்துதான் சொல்வார். ஷ்ரேம்லி கொடுத்த பொருளால் படைக்கு உண்மையில் எவ்வளவு கேடு என்பதை அண்ணன் தம்பிகளின் நினைவை வைத்து அளக்க முடியாது. அதற்கு வழக்குக் கோப்பு வேண்டும். குற்றவியல் பேராசிரியர் பீட்டர் நோல் அந்தக் கோப்புகளைப் படித்து 1980-இல் 17 பேரின் வாழ்க்கையையும் தீர்ப்பையும் தனித்தனியாக எழுதினார். மையன்பெர்க்கைச் சரிபார்க்க உங்களுக்குத் தேவையான தராசு அதுதான். ஒருவருடைய சமூகப் பார்வையும் மற்றவருடைய சட்டப் படிப்பும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். மரண தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் அடித்தட்டு ஆட்கள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மையன்பெர்க் இயக்குநர் ரிச்சர்ட் டிண்டோவோடு சேர்ந்து ஷ்ரேம்லியின் கதையைப் படமாக்கினார், 1976-இல் திரைக்கு வந்தது. நடுவர் குழு பரிந்துரைத்தும் கூட்டரசு தரப்பரிசைக் கொடுக்க மறுத்தது. அந்த மறுப்புதான் படத்தை எல்லா ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது என் கணிப்பு.

ஈசூன் இளவேனில்

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எழுதத் தடை வந்த கதையையும் மற்ற இரண்டு பெரிய வேலைகளையும் சேர்க்கிறேன்.

தடை விதிக்கப்பட்டது 1976-இல். பலர் நினைப்பதுபோல எர்ன்ஸ்ட் எஸ். படத்துக்காக மட்டும் வந்ததல்ல. லீக்டன்ஸ்டைன் இளவரசர் இரண்டாம் ஃபிரான்ஸ் யோசஃபின் 70-ஆவது பிறந்தநாளையொட்டி மையன்பெர்க் எழுதிய எள்ளல் கட்டுரை உடனடிக் காரணமானது. உத்தரவு போட்டவர் ‘டாகெஸ் அன்ஸைகர்’ பத்திரிகையின் உரிமையாளர், ஆசிரியர் குழு அல்ல. உரையில் இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் ஒருவர் கட்டுரையை நிராகரித்தால் அடுத்த கட்டுரையோடு திரும்பப் போகலாம். உரிமையாளர் ஆளையே நிராகரித்தால் பக்கம் முழுதும் மூடிக்கொள்கிறது. நிரந்தர வேலையில் இல்லாமல் கட்டுரைக்குக் காசு வாங்கும் எழுத்தாளருக்கு அது வருமானம், வாசகர், சட்டப் பாதுகாப்பு மூன்றையும் ஒரே நாளில் பறிக்கும். அதன் பிறகு புத்தகம், திரைப்படம், 1981-இல் தொடங்கிய ‘வோஸ்’ வார இதழ், கொஞ்ச காலம் ஜெர்மனியின் ‘ஷ்டெர்ன்’ பாரிஸ் அலுவலகம் என்று அவர் வேலை சிதறியது. நடை மேலும் காரமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நல்ல உதவியாசிரியர் ஒருவர் தினமும் பக்கத்தில் இருந்திருந்தால் சில பத்திகள் இன்னும் கூர்மையாகவே வந்திருக்கும்.

அடுத்து மொரிஸ் பாவோ. நியூஷாட்டெல் நகரத்துக்காரர், இறையியல் மாணவர், 22 வயது. 1938 நவம்பர் 9 அன்று மியூனிக் ஊர்வலத்தில் ஹிட்லரைச் சுட 6.35 மி.மீ. கைத்துப்பாக்கியோடு பார்வையாளர் மேடையில் நின்றார். ஹிட்லர் தெருவின் மறுபக்கமாக நடந்து போனார், முன்னால் நின்றவர்கள் வணக்கம் வைக்கத் தூக்கிய கைகளும் மறைத்தன. சின்னக் குழலுள்ள அந்தத் துப்பாக்கி அவ்வளவு தூரத்துக்கு உதவாது. காசு தீர்ந்து, சீட்டில்லாமல் ரயிலில் போனபோது பிடிபட்டார். 1939 டிசம்பர் 18-இல் நாஜிகளின் ‘மக்கள் நீதிமன்றம்’ மரண தண்டனை விதித்தது, 1941 மே 14-இல் பெர்லின் ப்ளோட்சன்ஸேயில் கில்லட்டின். பெர்லினில் இருந்த சுவிஸ் தூதர் ஹான்ஸ் ஃப்ரோலிகர் அவரைக் காப்பாற்ற முன்வரவில்லை.

மையன்பெர்க்கின் புத்தகமும், வில்லி ஹெர்மன், ஹான்ஸ் ஷ்டுர்ம் ஆகியோரோடு எடுத்த படமும் 1980-இல் வந்தன. அதே விஷயத்தை ஜெர்மன் நாடகாசிரியர் ரோல்ஃப் ஹோக்ஹூட் அதற்கு முன்பே கையில் எடுத்து, பாவோவைத் தனியாக நின்ற வில்ஹெல்ம் டெல் (சுவிஸ் விடுதலைக் கதையின் நாயகன்) போல உயர்த்தியிருந்தார். வரலாற்றாசிரியர் கிளவுஸ் உர்னரும் 1980-இல் எழுதினார். அவருடைய ஆய்வில் பாவோவின் குருமடத் தோழன் மார்செல் ஜெர்போஹேயின் செல்வாக்கு பெரிய இடம் பிடிக்கிறது. தன்னை ரஷ்ய அரச குடும்பத்தவன் என்று சொல்லிக்கொண்ட ஆள் அவன். ஒரே இளைஞன், மூன்று விளக்கங்கள். உங்கள் வட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்பகுதி கிடைக்காது. மூன்று பேரும் எந்த உண்மைகளில் ஒத்துப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: தேதி, துப்பாக்கி, ரயில், தீர்ப்பு, தூதரின் மௌனம். ‘ஏன்’ என்ற ஒற்றைக் கேள்வியில்தான் பிரிகிறார்கள். மையன்பெர்க்கின் தனிப் பங்களிப்பு, பாவோ போன இடங்களுக்கெல்லாம் போய், குடும்பத்தோடு உட்கார்ந்து, சுவிஸ் அதிகாரிகள் செய்யாமல் விட்டதை நடுவில் வைத்தது. 1998-இல் சுவிஸ் அரசே அன்றைய அதிகாரிகள் போதுமான அளவு முயலவில்லை என்று ஒப்புக்கொண்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

மூன்றாவது, ஜெனரல் உல்ரிக் வில்லெ, முதல் உலகப் போரில் சுவிஸ் படையின் தலைமைத் தளபதி. மனைவி பிஸ்மார்க் வம்சம். 1915 ஜூலை 20-இல் அமைச்சர் ஹோஃப்மனுக்கு அவர் எழுதிய கடிதம், ஜெர்மன் பக்கம் போரில் இறங்க இது நல்ல தருணம் என்று சொன்னது. அது அந்தக் காலத்திலேயே கசிந்து பெரும் புயலைக் கிளப்பியது. மகனான இளைய வில்லெ 1923-இல் ஹிட்லரைச் சூரிக்கில் தன் வீட்டுக்கு அழைத்துப் பேச வைத்தவர். குடும்பக் காப்பகம் மையன்பெர்க்குக்குத் திறக்கவில்லை. ஆனால் மைலென் ஊர் அருங்காட்சியகத்தில், ஜெனரல் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. பொதுமக்கள் பார்க்க வைத்த கடிதங்களைப் படமெடுத்து, அந்த அடிப்படையில் 1987-இல் எழுதினார். படை வேண்டுமா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். 1989 நவம்பர் 26-இல் 35.6 விழுக்காட்டினர் படையை ஒழிக்க வாக்களித்தார்கள், யாரும் எதிர்பார்க்காத அளவு. அந்தச் சூழலில் ஜெனரலின் சிலையை அசைப்பது அரசியலாகத்தான் பார்க்கப்பட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. காட்சிக்கு வைக்கப்பட்ட எந்தக் கடிதக் கட்டும் யாரோ ஒருவர் பொறுக்கி எடுத்த கட்டுதான். விடுபட்ட கடிதங்கள் என்ன சொல்கின்றன என்பதைப் பற்றி வாதம் கட்டவே கூடாது. உறவுமுறை வரைபடத்துக்கும் இது பொருந்தும். வில்லெ, பிஸ்மார்க், பட்டு வணிகக் குடும்பமான ஷ்வார்ட்ஸன்பாக் என்று கோடு போட்டால் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரியும். யார் யாருக்காக என்ன செய்தார் என்பது தெரியாது. அதற்குத் தேதியோடு ஒரு செயல் வேண்டும். மையன்பெர்க் சில இடங்களில் கோட்டையே செயலாக எடுத்துக்கொள்கிறார். அவரைத் திட்டியவர்கள் பிடித்துக்கொண்டதும் அந்த இடங்களைத்தான்.

சட்டப்பிரியை

சட்டம் பற்றி நான் சொல்கிறேன். இது பொதுத் தகவல். குறிப்பிட்ட ஒரு கட்டுரைக்கு வழக்கறிஞர் ஒருவரைப் பார்ப்பதே முறை.

மையன்பெர்க்கின் பெரிய பாத்திரங்கள் ஏன் இறந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்பார்கள். சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவுப்படி இறந்தவரைப் பற்றிய அவதூறுக்கும் உறவினர் புகார் கொடுக்கலாம். ஆனால் இறந்து 30 வருடம் தாண்டிவிட்டால் தண்டனை இல்லை. வில்லெ இறந்தது 1925, புத்தகம் 1987. ஷ்ரேம்லி இறந்தது 1942, படம் 1976. அவர் கணக்குப் போட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறேன். அவருக்கு உண்மையான ஆபத்து உயிரோடிருந்த வாரிசுகள், அதிகாரிகள், பத்திரிகை முதலாளிகள் பக்கமிருந்துதான்.

சிங்கப்பூரில், இறந்தவருக்காக உரிமையியல் அவதூறு வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் தண்டனைச் சட்டம் 499-ஆம் பிரிவின் முதல் விளக்கம் கவனிக்க வேண்டியது: உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் களங்கம் வரும் என்றும், குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தது என்றும் காட்டினால், அது குற்றவியல் அவதூறாகலாம். 500-ஆம் பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். இங்கே 30 ஆண்டு எல்லை எதுவும் எழுதப்படவில்லை. ரயில்பாதைக் கதையில் ஆள் பிடித்துக் கொடுத்த கங்காணிகள் வருவார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இங்கே வாழலாம். பெயர் தேவையா என்று ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். பெயர் போட்டால், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு ஆதாரங்களாவது வேண்டும். அண்ணனும் தம்பியும் சொன்னால் அது ஓர் ஆதாரம்தான்.

உயிரோடிருப்பவர் என்றால் உரிமையியல் வழக்குக்கான காலம் 6 ஆண்டு. உண்மை என்பது தற்காப்பு, ஆனால் நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில். குறிப்பேடுகளையும் ஒலிப்பதிவுகளையும் கட்டுரை வந்த மறுநாள் அழிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை உடனே நிறுத்த வேண்டும்.

கடிதங்களுக்குத் தனி விதி. கடிதத் தாளின் சொந்தக்காரர் வேறு, எழுத்தின் காப்புரிமைக்காரர் வேறு. குடும்பம் படமெடுக்க அனுமதித்தால் மட்டும் அச்சிடும் உரிமை வந்துவிடாது. முன்பு வெளியிடப்படாத எழுத்துக்கு முடிவே இல்லாத காப்புரிமை இருந்தது. 2021 காப்புரிமைச் சட்டம் அதை மாற்றியது. 2023 தொடக்கத்திலிருந்து, எழுதியவர் இறந்து 70 ஆண்டு என்பதே கணக்கு. 1943-இல் பாதையில் இறந்தவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் இருந்தால் அதை இன்று அச்சிடலாம். உயிர் பிழைத்துத் திரும்பி 1980-இல் காலமானவரின் கடிதத்துக்கு வாரிசுகளின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

அரசாங்கத் தாள்களுக்கு 1935-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் இருக்கிறது. கொடுப்பவர் மட்டுமல்ல, தெரிந்தே பெறுபவரும் அதில் மாட்டலாம். 1992-இல் வணிக நாளிதழ் ஒன்று பொருளியல் வளர்ச்சி முன்கணிப்பு எண்ணை அதிகாரபூர்வ அறிவிப்புக்கு முன்பே அச்சிட்டது. 1994-இல் ஐந்து பேருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வெறும் ஓர் எண்தான், ராணுவ வரைபடம் அல்ல.

செம்பவாங் மலர்விழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு நுணுக்கமாக எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. சுவிஸ் என்றாலே நம் கூட்டத்தில் வங்கி ரகசியம் பற்றிக் கேட்பார்கள், மையன்பெர்க் இன்று இருந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால் என்ன சொல்வது? அவருடைய மரணத்தையும் தனிவாழ்க்கை பற்றிய குற்றச்சாட்டுகளையும் எப்படிக் கையாள்வது?

சட்டப்பிரியை

வங்கிக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவிஸ் வங்கிச் சட்டம் 1934-இல் வந்தது, ரகசியத்துக்கான பிரிவு 47. நெடுங்காலம் அது வங்கிக்குள் இருப்பவர்களையும் அவர்களைத் தூண்டுபவர்களையும்தான் குறிவைத்தது. 2015 ஜூலை 1 முதல், கசிந்த தகவலைக் கைமாற்றும் வெளியாரையும் சேர்த்துக்கொண்டது, செய்தியாளர் உட்பட. 3 ஆண்டு வரை சிறை, ஆதாயத்துக்காகச் செய்தால் 5 ஆண்டு வரை. விளைவு 2022 பிப்ரவரியில் தெரிந்தது. கிரெடிட் சுவிஸ் வங்கியின் 18,000-க்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் ஜெர்மன் நாளிதழான ‘ஸுட்டாய்ச்ச ஸைட்டுங்’ கைக்கு வந்து, 48 ஊடகங்கள் சேர்ந்து ஆராய்ந்தன. அந்த 48-இல் ஒரு சுவிஸ் ஊடகம்கூட இல்லை. சட்ட ஆபத்துதான் காரணம். ‘டாகெஸ் அன்ஸைகரை’ வெளியிடும் நிறுவனமும் ஒதுங்கியே நின்றது. மையன்பெர்க்குக்குக் கதவடைத்த அதே பத்திரிகைதான் அது, ஆனால் இம்முறை தடுத்தது முதலாளி அல்ல, சட்டம்.

சிங்கப்பூர் வங்கிச் சட்டத்திலும் ரகசியப் பிரிவின் எண் 47-தான். கூட்டத்தில் எல்லோர் காதும் இதற்கு நிமிரும். ஆனால் உள்ளடக்கம் ஒன்றல்ல. இங்கே முதல் கடமை வங்கியின் மீதும் அதன் அதிகாரிகள் மீதும், தனிநபருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். இன்னொரு வேறுபாடு, சுவிட்சர்லாந்தில் தகவல் தந்தவரின் பெயரைச் சொல்ல மறுக்கும் உரிமை செய்தியாளருக்குக் குற்றவியல் சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 28அ. சில கடுங்குற்றங்களுக்கு விலக்கு உண்டு. சிங்கப்பூரில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஆகவே யாருக்கும் “உங்கள் பெயர் எந்த நிலையிலும் வெளியே வராது” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு, பேச வந்தவரைத்தான் முதலில் சுடும்.

ஈசூன் இளவேனில்

மரணத்தைப் பற்றி: 1993 செப்டம்பரில் சூரிக்கில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார், 53 வயது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். எப்படி என்ற விவரம் வேண்டாம், ஒற்றைக் காரணமும் சொல்ல வேண்டாம். அதற்கு முந்தைய வருடங்களில் 1991 வளைகுடாப் போர் அவரை மிகவும் ஆட்டிவைத்தது, ஒரு விபத்து, ஒரு தாக்குதல் எல்லாம் நடந்தன. அவற்றைக் கோத்து ‘இதனால்தான்’ என்று முடிப்பது, அவரே செய்யக் கூடாது என்று நாம் சொல்லும் தவறு.

அவர் இறந்த பிறகு, நெருங்கி வாழ்ந்த பெண்ணொருவர் புத்தகம் எழுதினார். அவர் காட்டும் ஆள் ஆதிக்கம் செலுத்துபவர், காயப்படுத்துபவர். இதை மறைக்காதீர்கள். அடித்தட்டு மனிதர்களுக்காக எழுதியவர் என்பது வீட்டுக்குள் நடந்ததற்குச் சமாதானமாகாது. அதே சமயம் ஷ்ரேம்லி பற்றிய கட்டுரையின் சரி தவறை அந்தப் புத்தகம் தீர்மானிக்காது. இரண்டையும் தனித்தனிப் பகுதியாகச் சொல்லுங்கள், ஒன்றின் எடையை இன்னொன்றில் ஏற்றாதீர்கள்.

தேக்கா ஆவணக்காரன்

படிக்கும் வழி. பிரெஞ்சு வரும் என்றால் ஜெனீவாவின் ஸோயே பதிப்பகம் கொண்டுவந்த சுவிஸ் கள அறிக்கைகளில் தொடங்குங்கள். ஜெர்மன் மூலம் சூரிக்கின் லிம்மாட் பதிப்பகத்திடம், இரண்டு தொகுதிகள். முதலில் சுவிட்சர்லாந்தின் வரலாற்று அகராதியில் மையன்பெர்க், வில்லெ, பாவோ மூன்று பதிவுகளையும் பிரெஞ்சில் படியுங்கள், இணையத்தில் இலவசம். அதன் பிறகு ‘டோடிஸ்’ என்ற சுவிஸ் அரசுறவு ஆவணத் தளத்தில் ஃப்ரோலிகர் பெயரைப் போட்டுத் தேடுங்கள், மூல அறிக்கைகளின் படங்களே கிடைக்கும். மையன்பெர்க்கின் கையெழுத்துப் பிரதிகள் பெர்னில் சுவிஸ் இலக்கியக் காப்பகத்தில் இருக்கின்றன.

இயந்திர மொழிபெயர்ப்பில் ஒரு தொல்லை உண்டு. மையன்பெர்க் அதிகாரிகளின் குரலைப் பிரதியெடுத்து, மேற்கோள் குறி இல்லாமல் பத்தியில் நுழைத்துவிடுவார். கருவி அதை அவருடைய கருத்தாகவே தரும். தண்டனையை நியாயப்படுத்துவது போல ஒரு வரி வந்தால் நின்று, மேலும் கீழும் இரண்டு பத்தி படித்து, யார் குரல் என்று தீர்மானித்த பிறகே மேற்கோள் காட்டுங்கள்.

சயாம் ரயில்பாதை வேலைக்கு: 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே வேலை செய்த போர்க்கைதிகளின் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன, தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி முழுப் பட்டியல் கிடையாது. ஆகவே மையன்பெர்க்கின் வரிசை, அதாவது குடும்பத்தில் தொடங்கி மேலே போவது, இங்கே வசதிக்காக அல்ல, வேறு வழி இல்லாததால்தான். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானியர் காலத்துக்குத் தனித் திட்டமே இருக்கிறது, தமிழிலும் பேட்டிகள் உண்டு. இணையப் பட்டியலில் தேடி, பதிவு எண், சுருள் எண், நிமிடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றை இணையத்திலேயே கேட்கலாம், சிலவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டும். கேனிங் ரைஸ் படிப்பகத்துக்குப் போகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அரசுக் கோப்பு என்றால் ஒப்படைத்த அமைப்பின் அனுமதியும் தேவைப்படலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணைகள் 131. ரயில்பாதை முகாம்கள் தொடர்பானவையும் அவற்றில் உண்டு. சுருக்கங்கள் இதற்கான தனி இணையத்தளத்தில் இருக்கின்றன, மூலக் கோப்புகள் லண்டன் தேசியக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 235’ வரிசையில். நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசும் கிடைக்கிறது. பெயரை மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், பழைய அச்சை இயந்திரம் படிக்கும்போது ‘ண’வும் ‘ன’வும் மாறிவிடும், துணையெழுத்து விழுந்துவிடும். ஆள் பெயரில் சிக்காதது தோட்டத்தின் பெயரில் சிக்கும்.

வீட்டில் கடிதமோ அடையாளச் சீட்டோ காட்டினால், முதல் படம் அது இருந்த பெட்டியோடு, இரண்டாவது உறையின் அஞ்சல் முத்திரை, பிறகு ஒவ்வொரு பக்கத்தின் இரண்டு புறமும், ஓரத்தில் ஓர் அளவுகோல் வைத்து. கடைசியாக, காட்டியவரின் பெயரும் தேதியும் எழுதிய தாளை ஒரு படம். பத்து வருடம் கழித்து யாராவது “இது எங்கிருந்து வந்தது” என்று கேட்டால், எடுத்தவரே மறந்திருந்தாலும் அந்தக் கடைசிப் படம் பதில் சொல்லும்.

செம்பவாங் மலர்விழி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஷ்ரேம்லிக்கு 10 நிமிடம், பாவோவின் மூன்று விளக்கங்களுக்கு 6, வில்லெ கடிதங்களுக்கு 4, மீதி 5 நிமிடத்தில் எழுதத் தடையும் பிரிவு 47-உம். சட்டக் கேள்விகளுக்கு உரைக்குப் பிறகு நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். சட்டப்பிரியை அக்கா வர முடிந்தால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறேன், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகம், ஞாயிறு மாலை 4 மணி.